ஆடி 27, கார்த்திகை 28

1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து சென்னை நுங்கம்பாக்கத்துக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கோட்டிங்கன் வானாய்வகத்தின் இயக்குநர் கிளிங்கர்ஃபூஸ். பெற்றவர் சென்னை வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன். பியலா 27ஆம் தேதி பூமியை உரசிச் சென்றுவிட்டது, சென்டாரஸ் மண்டலத்தின் தீட்டா விண்மீன் பக்கம் தேடிப் பாருங்கள் என்பதுதான் செய்தி. இந்தியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் நம்பகமான தந்தித் தடங்கள் திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. வணிகர்களும் அதிகாரிகளும் பயன்படுத்திய அந்தக் கம்பியில் அன்று காணாமல்போன ஒரு வால்நட்சத்திரத்தைப் பற்றிய விசாரிப்பு வந்தது.

பியலா என்பது அந்த வால்நட்சத்திரத்தின் பெயர். 1826இல் அதன் பாதை கணிக்கப்பட்டது. ஏறக்குறைய ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் என்று தெரிந்தது. 1846 தொடக்கத்தில் வானியலாளர்கள் கண்ணெதிரிலேயே அது இரண்டாகப் பிரிந்தது. 1852இல் இரண்டு துண்டுகளும் சேர்ந்தே திரும்பி வந்தன. அதன் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் 1872 நவம்பர் 27ஆம் தேதி இரவு, பூமி அதன் பழைய பாதையைக் கடந்தபோது, ஐரோப்பாவின் வானத்தில் ஆயிரக்கணக்கான எரிநட்சத்திரங்கள் விழுந்தன. எல்லாம் ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டதுபோல் தோன்றின. ஆள் போய்விட்டார், அவர் விட்டுச் சென்றது மட்டும் தேதி தவறாமல் வாசலுக்கு வந்தது.

கிளிங்கர்ஃபூஸின் யோசனை எளிமையானது. துகள்கள் ஆண்ட்ரோமெடா திசையிலிருந்து வந்தன என்றால், அவற்றோடு வந்த வால்நட்சத்திரம் பூமியைத் தாண்டி நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்த எதிர்த் திசை சென்டாரஸ். கோட்டிங்கனில் அந்தப் பகுதி அடிவானத்தை விட்டு மேலே எழுவதே இல்லை என்று சொல்லலாம். பதின்மூன்றாம் பாகையில் இருக்கும் சென்னையிலோ அது தென்வானில் நன்றாக ஏறி நிற்கும். அவருக்குக் கருவி இருந்தது, கணக்கு இருந்தது, அந்த வானம் மட்டும் இல்லை. அது நுங்கம்பாக்கத்தில் இருந்தது.

சென்னையில் அப்போது என்ன மாதம் என்று நமக்குத் தெரியும். கார்த்திகை நடு. வடகிழக்குப் பருவமழை. முதல் இரண்டு விடியல்களில் போக்சனுக்கு மேகம்தான் கிடைத்தது. மூன்றாவது விடியலில் மேகம் சற்று விலகிய இடைவெளியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். மறுநாளும் கண்டார். வானியலாளர் கணக்கில் டிசம்பர் 2, 3. அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது. ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று முறை அதன் இடத்தைக் குறிக்க வேண்டும். அவரிடம் இரண்டுதான் இருந்தன. பியலா இருந்திருக்கக்கூடிய இடத்துக்கும் அவர் கண்ட இடத்துக்கும் பொருத்தமில்லை என்று பின்னால் கணித்தவர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் அது வால்நட்சத்திரப் பட்டியலில் பாதை தெரியாதவற்றுக்கான ‘எக்ஸ்’ என்ற எழுத்தோடு, போக்சன் பெயரில் இருக்கிறது.

இந்தக் கதையைப் போக்சனின் அதிர்ஷ்டக் கதையாகவும் சொல்லலாம், துரதிர்ஷ்டக் கதையாகவும் சொல்லலாம். நான் மில்பிடாஸில் உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்குப் படுவது வேறு. வானத்தில் ஒரு கணம் எரிந்து அணைவதை அறிவாக மாற்ற இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒரு தேதி, இன்னோர் ஊரில் ஒரு ஆள். இரண்டும் நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களிடம் தாராளமாக இருக்கின்றன.

தேதியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் இருக்கும் மிகப் பழைய எரிமீன் பதிவுகளில் ஒன்று புறநானூற்றின் 229ஆம் பாடல். பாடியவர் கூடலூர் கிழார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது பாடியது. விண்ணிலிருந்து ஒரு மீன் விழக் கண்டு, அரசனுக்கு என்ன ஆகுமோ என்று புலவரும் மற்றவர்களும் அஞ்சினார்கள். ஏழாம் நாள் அவன் இறந்துபோனான். பள்ளியில் இதை நிமித்தம், அபசகுனம் என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஆனால் அந்தப் புலவர் எதையெல்லாம் குறிக்கிறார் என்று பாருங்கள். மாதம் பங்குனி, அதன் முற்பகுதி. பொழுது நள்ளிரவு. உச்சியிலிருந்த நாள்மீன் சாயத் தொடங்கிவிட்டது, அதற்கு எதிரே ஒன்று எழுகிறது, இன்னொன்று துறையில் இறங்குவதுபோல் மறைகிறது. இவை முறையே உத்திரம், மூலம், மிருகசீரிடம் என்று பழைய உரை சொல்கிறது. விழுந்த மீன் நேர் கிழக்கேயும் போகவில்லை, நேர் வடக்கேயும் போகவில்லை. காற்றில் பொங்கும் நெருப்புப்போல் இருந்தது. மாதம், மணி, திசை, பிரகாசம்: இன்று ஒரு பார்வையாளர் தன் குறிப்பேட்டில் எழுதவேண்டியவையும் இவைதான்.

அந்தக் குறிப்பு கற்பனையில் எழுதியதுபோலவும் இல்லை. மூன்று நட்சத்திரங்களும் ஒன்றுக்கொன்று வானத்தின் கால் சுற்று தள்ளி இருப்பவை. ஒன்று உச்சி சாயும்போது ஒன்று எழ, ஒன்று மறையத்தான் வேண்டும். பங்குனி நள்ளிரவில் அது நடக்கவும் செய்யும். இதே வானத்தை மார்ச் கடைசியில் மில்பிடாஸிலிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். உத்திரம் உச்சி தாண்டும், மிருகசீரிடம் மேற்கே சாயும். மூலம் மட்டும் எழ இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நாம் அவ்வளவு வடக்கே வந்துவிட்டோம். கோட்டிங்கன்காரரின் சிரமம் சிறு அளவில் நமக்கும் உண்டு.

ஒரு தனி எரிமீன் எந்த இரவிலும் விழலாம். ஆண்டுதோறும் வரும் பொழிவு வேறு. வால்நட்சத்திரம் தன் பாதை முழுக்கத் தூசியை உதிர்த்துவிட்டுப் போகிறது. மணல் பொடி அளவுத் துகள்கள். பூமி ஆண்டுக்கொரு முறை அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. அப்போது அவை காற்றில் உரசி, தரைக்கு 100 கிலோமீட்டர் வாக்கில் உயரத்தில் எரிந்துபோகின்றன. செய்தித்தாள்கள் விண்கல் மழை என்று எழுதினாலும் தரைக்கு ஒரு கல்லும் வருவதில்லை.

இதை மனிதர்கள் புரிந்துகொண்டது அண்மையில்தான். 1833 நவம்பர் 13ஆம் தேதி விடியலில் வட அமெரிக்கா முழுவதும் வானம் இடிந்து விழுவதுபோல் எரிமீன்கள் பொழிந்தன. எல்லாம் சிம்ம ராசியின் தலைப்பகுதியிலிருந்து விரிந்தன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் டெனிசன் ஓம்ஸ்டெட் எடுத்துக்காட்டினார். 1864இல் அதே யேலைச் சேர்ந்த ஹூபர்ட் நியூட்டன் பழைய ஏடுகளைத் திரட்டினார். கி.பி. 902 முதல் அரபு, சீன, ஐரோப்பிய வரலாற்றாளர்கள் எழுதிவைத்திருந்த பொழிவுகள் ஏறக்குறைய 33 ஆண்டுக்கு ஒருமுறை வருவதைக் கண்டார். 1866இல் மீண்டும் வரும் என்றார், வந்தது. காரணம் தெரியாமல், பெரும்பாலும் பயத்தில், தேதி போட்டு எழுதிவைத்த முகம் தெரியாதவர்களின் உழைப்பில் கிடைத்த வெற்றி அது.

நியூட்டன் இன்னொன்றையும் கவனித்தார். பொழிவின் நாள், பருவங்களைப் பின்பற்றும் நாட்காட்டியில் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு தள்ளிக்கொண்டே போகிறது. விண்மீன்களை வைத்து ஆண்டை அளந்தால் அந்தத் தள்ளல் வெகுவாகக் குறைகிறது. தூசியின் பாதை விண்மீன்களுக்கு நடுவே நிலையாக இருக்கிறது. நம் பருவங்கள்தான், பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், 71 அல்லது 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவுகின்றன. ஆகஸ்ட் 12 வாக்கில் இன்று நாம் பார்க்கும் பெர்சியஸ் பொழிவைக் கி.பி. 36இல் சீன ஏடு ஒன்று ஜூலை நடுவில் குறிக்கிறது.

இங்கேதான் நம் அடுக்களைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி உள்ளே வருகிறது. தமிழ் மாதங்கள் சூரியன் எந்த விண்மீன் பின்னணியில் நிற்கிறது என்பதை வைத்து அமைந்தவை. அதனால்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் 11 வாக்கில் பிறந்த சித்திரை இன்று 14ஆம் தேதி பிறக்கிறது. பருவத்தை விட்டு விலகுகிறது என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உழவுக்கு அது குறைதான். எரிமீனுக்கு அதுவே பொருத்தம். பெர்சியஸ் பொழிவு ஆங்கில நாட்காட்டியில் நகர்ந்துகொண்டே போனாலும் ஆடிக் கடைசியை விட்டுப் போகாது. எல்லாப் பொழிவுக்கும் இது பொருந்தாது. வியாழன் கோள் இழுத்து, சிலவற்றின் பாதையையே மாற்றிவிடும். பியலாவின் பொழிவு 1798இல் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது, 1872இல் நவம்பர் 27க்கு வந்துவிட்டது. இன்று அது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

கணிதம் கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சென்னையில் வாதாடியவர் ஒருவர் உண்டு. போக்சனின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது மக்களுக்காக உள்ளூர் மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டவர். வானாய்வக அளவீடுகளோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தார். அந்த வானாய்வகம் இன்று இல்லை. 1792 என்று பொறித்த அதன் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளையும் தாங்கி, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னைக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அடுத்தது, இன்னோர் ஊரில் ஓர் ஆள். 1798இல் பிராண்டஸ், பென்சன்பர்க் என்ற இரண்டு மாணவர்கள், அதே கோட்டிங்கனில், சில மைல் இடைவெளியில் தனித்தனியே உட்கார்ந்து ஒரே எரிமீன்களைக் குறித்தார்கள். இரண்டு இடங்களிலிருந்து பார்க்கும்போது எரிமீன் பின்னணி விண்மீன்களுக்கு எதிரே இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்திலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிட்டார்கள். எரிமீன் மேகத்துக்குப் பக்கத்தில் நடக்கும் விஷயம் அல்ல, அதைவிட வெகு உயரத்தில் நடப்பது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். ஒருவர் பார்த்தால் அது ஒரு கோடு. இருவர் பார்த்தால் அது ஒரு பாதை.

மில்பிடாஸ்காரர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. மௌன்டன் வியூவில் இருக்கும் செட்டி நிறுவனத்தின் பீட்டர் ஜென்னிஸ்கன்ஸ் குழு, 2010 முதல் ஃப்ரீமான்ட் பீக், சன்னிவேல், மௌன்ட் ஹாமில்டனில் உள்ள லிக் வானாய்வகம் ஆகிய இடங்களில் கேமராக்களை நிறுவி இரவெல்லாம் வானத்தைப் படம்பிடிக்கிறது. பிராண்டஸ் செய்ததைத்தான் அவையும் செய்கின்றன. 2012 அக்டோபர் 17ஆம் தேதி மாலை விரிகுடாப் பகுதிக்கு மேல் ஒரு பெரிய தீப்பந்து போனபோது, இந்தக் கேமராக்கள் தந்த பாதையை வைத்து நொவாட்டோ ஊரில் தேடி உண்மையான விண்கற்களையே கண்டெடுத்தார்கள். அதற்கு முன்பே, 1998இல், சிம்மப் பொழிவை மேகத்துக்கு மேலிருந்து பார்க்க நாசாவின் ஏம்ஸ் மையத்திலிருந்து இதே ஜென்னிஸ்கன்ஸ் தலைமையில் ஒரு குழு விமானங்களில் பறந்தது. ஏம்ஸ் நமக்குக் காரில் கால் மணி நேரம். போக்சனுக்கு அப்படி ஒரு விமானம் இருந்திருந்தால்!

இனி, எப்போது, எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம். ஆண்டுக்கு நான்கு பொழிவுகளைக் குறித்துக்கொண்டால் போதும்.

மார்கழி 19 வாக்கில், ஜனவரி 3 அல்லது 4, குவாட்ரான்டிட். வலுவானது, ஆனால் உச்சம் சில மணி நேரமே நீடிக்கும். வடவானத்துப் பொழிவு என்பதால் ஊரைவிட இங்கே நன்றாகத் தெரியும்.

சித்திரை 23 வாக்கில், மே 6, கும்பப் பொழிவு. ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி. விடியலுக்கு முன் ஓரிரு மணி நேரம்தான். இதில் நமக்கு நட்டம், ஊருக்கு லாபம். தெற்கே போகப் போக நன்றாகத் தெரியும்.

ஆடி 27 வாக்கில், ஆகஸ்ட் 12, பெர்சியஸ். கோடைக்கால இரவு, குளிர் குறைவு. தமிழ்நாட்டில் அது புறப்படும் புள்ளி வடக்கே தாழ்ந்து நிற்கும். இங்கே நன்றாக ஏறும்.

கார்த்திகை 28, சில ஆண்டுகளில் 29, டிசம்பர் 14. மிதுனப் பொழிவு. நான்கிலும் பெரியது இதுதான். ஃபேய்த்தன் என்ற சிறுகோளிலிருந்து வருவது. இரவு ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும், இரண்டு மணி வாக்கில் உச்சி. தஞ்சாவூரிலும் மில்பிடாஸிலும் ஏறக்குறைய ஒரேபோல் தெரியும். இரண்டு ஊருக்கும் அது மழைக்காலம் என்பதுதான் சிக்கல்.

நாட்காட்டித் தாளில் தேதியைப் பார்த்ததும் அதே தாளில் திதியைப் பாருங்கள். பொழிவு சூரியனைப் பின்பற்றும், நிலவு திதியைப் பின்பற்றும். அமாவாசை ஒட்டி வந்தால் அந்த ஆண்டு யோகம். வளர்பிறை அஷ்டமி வரைக்கும் நிலவு நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும், பாதகமில்லை. பௌர்ணமிக்குப் பிந்தைய ஒரு வாரம்தான் மோசம், பின்னிரவு முழுக்க நிலவு நிற்கும். சுப முகூர்த்தத்துக்கு வாங்கிய நாட்காட்டி இதற்கும் உதவும்.

பின்னிரவே நல்லது. காரில் மழையில் போகும்போது முன் கண்ணாடியில்தான் துளி அதிகம் விழும். நள்ளிரவுக்குப் பின் நாம் நிற்கும் பக்கம் பூமியின் முன் கண்ணாடியாகிவிடுகிறது. தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தைச் சுருக்கிவிடும். ஜமக்காளத்தை விரித்து மல்லாந்து படுத்தால் போதும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள். அதற்கிடையில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புறப்படும் புள்ளியையே முறைத்துப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் நீளக் கோடுகள் கிடைக்கும்.

இடம் முக்கியம். மில்பிடாஸ் தெருவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் தெரியும். எட் லெவின் பூங்கா பக்கத்திலேயே இருந்தாலும் சூரியன் மறைந்ததும் மூடிவிடுவார்கள். மௌன்ட் ஹாமில்டன் சாலையில் உள்ள ஜோசப் கிரான்ட் பூங்காவிலோ, தெற்கே ஃப்ரீமான்ட் பீக்கிலோ முகாமுக்கு இடம் பதிந்துகொண்டு போகலாம். ஆடியில் விரிகுடாவிலிருந்து வரும் பனிமூட்டத்தைத் திட்டாதீர்கள். மலைமேல் ஏறிவிட்டால் அது கீழே சான் ஹோசேயின் விளக்குகளுக்குப் போர்வையாகிவிடும். லிக் வானாய்வகத்துக்காகவே அந்த நகரம் 1980களில் மஞ்சள் சோடியம் தெருவிளக்குகளுக்கு மாறியது. இப்போது அவை போய் வெள்ளை விளக்குகள் வந்துகொண்டிருக்கின்றன.

கடைசியாக, எண்ணுங்கள். இது பலருக்கும் தோன்றுவதில்லை. தொடங்கிய மணி, முடித்த மணி, மேகம் எவ்வளவு, பொழிவைச் சேர்ந்தவை எத்தனை, சேராதவை எத்தனை: ஒரு தாள் போதும். பின்னோக்கி நீட்டினால் பொழிவின் புறப்படும் புள்ளிக்குப் போகும் கோடு அதைச் சேர்ந்தது, போகாதது வழிப்போக்கன். 1988இல் தொடங்கிய பன்னாட்டு எரிமீன் அமைப்பு இப்படிச் சாதாரண மக்கள் அனுப்பும் எண்ணிக்கைகளை இன்றும் சேர்க்கிறது.

ஒரு கார்த்திகையில் இதை எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் மொட்டை மாடிக்குப் போகச் சொன்னேன். “எரிகொள்ளி விழுந்தா உடனே பச்ச மரத்தப் பாக்கணும்டா, அத எண்ணச் சொல்றியே” என்றார். இந்தப் பக்கத்திலிருந்து என் மகள், “விஷ் பண்ணணும் பாட்டி, பயப்படக் கூடாது” என்றாள். அச்சமும் ஆசையும் கைபேசியில் சிறிது நேரம் வழக்காடின. பிறகு இருவரும் எண்ணினார்கள். அங்கே மேகத்தின் நடுவே முக்கால் மணி நேரத்தில் ஒன்பது. பதின்மூன்றரை மணி நேரம் கழித்து இங்கே, முகாமில், ஒரு மணி நேரத்தில் ஐம்பத்து நான்கு.

இருவரும் பார்த்தது ஒரே எரிமீன்களை அல்ல. அதற்கு ஊர்கள் சில நூறு மைல் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒரே தூசி ஓடை. பாட்டி பார்த்த நேரத்துக்கும் பேத்தி பார்த்த நேரத்துக்கும் இடையில் பூமி அந்த ஓடைக்குள் 14 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. ஓடை எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று அறிய இந்த இடைவெளி தேவைப்படுகிறது. உலகத்தின் ஒரே பக்கத்தில் குடியிருக்கும் குடும்பத்தால் இதைச் செய்ய முடியாது.

புது ஆண்டு நாட்காட்டி வந்ததும் முதல் வேலையாக இந்த நான்கு தேதிகளிலும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். ஊரில் இருப்பவர்களிடமும் அவர்கள் நாட்காட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மேகம் மூடினால் அதையும் எழுதுங்கள், அதுவும் பதிவுதான். எண்ணிக்கையைத் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதி, கிழிக்காமல் வைத்திருங்கள்.